வாகனக் கேள்வி பதில்: பின்பக்க பிரேஸ் பூட்ட முன்னர் ரொக்கரைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, என்னிடம் 1992ஆம் ஆண்டு மாஸ்டா மியாற்றா, துணிக்கூரையுள்ள திறந்த கார் ஒன்று இருக்கிறது. 1.6 லீற்றர் எஞ்சின். போன வருடம்தான் வாங்கினேன், கோடையில் மட்டும் எடுப்பேன். தண்டவாளம் கடக்கும்போது முன்கண்ணாடிச் சட்டமும் ஸ்டியரிங்கும் சேர்ந்து நடுங்குகின்றன. வேகமான வளைவில் பின்பக்கம் ஒரு கணம் பிந்தி வருவதுபோல இருக்கிறது. பின் சப்ஃபிரேமிலிருந்து (பின்பக்க சஸ்பென்ஷனைத் தாங்கும் துணைச்சட்டம்) ரொக்கர் (கதவுக்குக் கீழே ஓடும் தகரப் பெட்டி) பக்கம் இழுத்துப் பூட்டும் குழாய் பிரேஸ், அதாவது காரை இறுக்கும் தாங்குகம்பி, ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதற்குக் காரின் சட்டத்தில் நான்கு துளை போட வேண்டுமாம். துளை வேண்டாம், நேரே வெல்ட் பண்ணிவிடலாம் என்கிறான் நண்பன். எது நல்லது? (மார்க்கம் வாசகர்)

பதில்: தம்பி, இரண்டையும் இந்தக் கிழமை செய்ய வேண்டாம். முதலில் காரை ஒருமுறை வடிவாகப் பாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

கூரை உள்ள காரில் கூரையும் தூண்களும் சேர்ந்து பாரத்தைத் தாங்கும். உங்கள் காரில் அது இல்லை. மூடி கழற்றிய சதுர பிஸ்கற் பேணியை இரண்டு மூலையில் பிடித்து முறுக்கிப் பாருங்கள், விளங்கும். கதவுக்குக் கீழே ஓடும் ரொக்கர் பெட்டிகள் இரண்டும், கியர் பெட்டியை மூடி நடுவில் போகும் சுரங்கம்போன்ற மேடும்தான் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்து வைத்திருக்கின்றன. கியர் பெட்டியையும் டிஃபரென்ஷலையும் (பின் சில்லுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இணைக்கும் நீளமான அலுமினியச் சட்டத்தைக் கீழே பார்த்திருப்பீர்கள். அது பொடியை (காரின் உடலை) தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வேலை வேறு. அக்சிலரேற்றரை அமத்தும்போது எஞ்சினும் டிஃபரென்ஷலும் ஆளுக்கொரு பக்கம் திமிறாமல் பிடிப்பதற்குத்தான் அது இருக்கிறது.

உங்கள் உணர்வு பிழையில்லை. 1994 மொடலில் எஞ்சினை 1.8 லீற்றராக்கியபோது மாஸ்டாவே இந்தக் காரை இறுக்கிக் கட்டியது. சீற்றுகளுக்குப் பின்னால் இரண்டு சீற்பெல்ற் தூண்களையும் இணைத்து ஒரு பார் (குறுக்குக் கம்பி) வந்தது. முன் பின் சப்ஃபிரேம்களும் பலப்படுத்தப்பட்டன. பக்கவாட்டு மோதல் விதிகளும் அதற்கு ஒரு காரணம். உங்களுடையது அதற்கு முந்திய பொடி.

பொடி வளைந்தால் அதுவும் ஒரு ஸ்பிரிங் போலத்தான். நீங்கள் நல்ல ஷொக் (அதிர்வைத் தணிக்கும் குழாய்) வாங்கிப் பூட்டினாலும், அது வேலை செய்ய முதல் பொடி கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிடும். வளைவில் வெளிச் சில்லு உள்ளே தள்ள, சில்லைப் பொடியோடு இணைக்கும் கீழ்க் கைகள் பிடித்திருக்கும் இடம் மயிரிழை அசைந்தாலும் சில்லின் முகம் திரும்பும். நீங்கள் சொல்லும் "பிந்தி வருவது" அதுவாக இருக்கலாம். ஆனால் அந்தக் கைகளின் மூட்டுகளில் இருக்கும் தேய்ந்த ரப்பர் புஷ்களும் அதே உணர்வைத்தான் தரும். முப்பது வருடம் தாண்டிய ரப்பர். கம்பியால் நெம்பிப் பாருங்கள், வெடித்திருந்தால் கண்ணுக்கே தெரியும். அதை மாற்றாமல் பிரேஸ் போட்டால், பிரேஸ் சரியில்லை என்று அதைத் திட்டுவீர்கள்.

இப்போது கறள் விடயம். இந்தக் காரில் நான் முதலில் பார்ப்பது பின் சில்லுக்கு முன்னால் ரொக்கர் முடிகிற அந்த ஒரு சாண் இடத்தை. துணிக்கூரையில் விழும் மழைநீர் சீற்பெல்ற் தூண்களுக்குப் பின்னால் உள்ள இரண்டு வடிகுழாய்களால் இறங்கி, பின் சில்லுக்குச் சற்று முன்னால் வெளியேற வேண்டும். குழாயில் இலை அடைத்தால் தண்ணீர் உள்ளே தங்கும். வெளியிலிருந்து ஒன்ராறியோவில் குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு, உள்ளிருந்து தண்ணீர். பெயின்ற் பளபளவென்று இருக்க, உள்ளே தகரம் பிஸ்கற்றாகிவிடும். நீங்கள் கோடையில் மட்டும் ஓடலாம், முந்தியவர் எத்தனை குளிர்காலம் ஓடினார் என்று யார் கண்டது?

ஒரு போத்தல் தண்ணீர் எடுங்கள். கூரையைப் பாதி மடித்து, பின் மூலையில் உள்ள வடிகாலில் மெதுவாக ஊற்றுங்கள். ஊற்ற ஊற்றக் கீழே ஓட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு. பிறகு ஸ்குறூட்றைவரின் பிடியால் ரொக்கரின் அடியை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல தகரம் "டங் டங்" என்னும். பின் சில்லை நெருங்கும்போது சத்தம் "பொத்" என்று மாறினால் அங்கே நிறுத்துங்கள். அந்த இடத்தில்தான் உங்கள் பிரேஸின் மறுமுனை போய்ப் பிடிக்கப்போகிறது. செத்த தகரத்தில் பலமான குழாயைக் கட்டினால் அது பிடுங்கிக்கொண்டு வரும். முதலில் அழுகியதை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வையுங்கள். என் கணிப்பில், ரொக்கர் கெட்ட மியாற்றாவில் நடுக்கத்தில் பெரும்பகுதி அந்தத் திருத்தத்தோடே போய்விடும்.

அடுத்தது, நண்பரின் வெல்டிங் யோசனை. பெற்றோல் தாங்கி எங்கே இருக்கிறது தெரியுமா? சீற்றுகளுக்குப் பின்னால், டிஃபரென்ஷலுக்கு மேலே. நீங்கள் வெல்ட் பண்ண நினைக்கும் இடத்துக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. தாங்கியைக் கழற்றி வெளியே வைக்காமல் யாரும் அங்கே தீ வைக்கக் கூடாது. பற்றரியும் டிக்கிக்குள் வலது பக்கம் இருக்கிறது, அதையும் கழற்ற வேண்டும். கழற்றும்போது அதன் அடித்தகரத்தைப் பாருங்கள். காற்றுக்குழாய் இல்லாத சாதாரண பற்றரியை முந்தியவர் வைத்திருந்தால் அமிலம் தின்ற அடையாளம் இருக்கும்.

வெல்டிங்கில் நானே விட்ட பிழையையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் வேறொரு திறந்த காருக்குப் பின்சட்டத்தில் தடித்த தகடு ஒன்று ஒட்டினேன். நேர்சதுரமாக வெட்டி, சட்டத்தின் குறுக்கே ஒரு முழு வரி வெல்ட் ஓட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. அடுத்த வசந்தத்தில் கார் திரும்பி வந்தது. வெல்ட் முடிந்த இடத்திலிருந்து சரியாக ஒரு விரலளவு வெடிப்பு. தடித்த தகடு அசையவில்லை, பக்கத்து மெல்லிய தகரம் எல்லா வளைவையும் தனியே வாங்கியது. தகட்டின் முனையை மீன்வால் போலக் கூராக்கி, குறுக்கே வெல்ட் ஓட்டாமல் இரு பக்கமும் நீளவாக்கில் பிடித்திருக்க வேண்டும். அந்த வெடிப்பை விரலால் தடவியது இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் கார்க்காரர் தன் மகளையும் அதில் ஏற்றிக்கொண்டு திரிந்தவர். காசு வாங்காமல் திருத்திக் கொடுத்தேன்.

ஆகவே உங்களுக்கு போல்ற் பூட்டும் வழியைத்தான் சொல்வேன். ஆனால் ஒரு நிபந்தனை. சட்டம் உள்ளே வெறும் பெட்டி. துளைத்து நேரே போல்ற்றை இறுக்கினால் பெட்டி நசியும், பிறகு நாளுக்கு நாள் போல்ற் தளரும். துளைக்குள் சட்டத்தின் அகலத்துக்கு அளவாக வெட்டிய உருக்குக் குழாய்த்துண்டு வைத்து, அதற்கு ஊடாகப் போல்ற்றை விடுங்கள். இறுக்கத்தை அந்தத் துண்டு தாங்கும். துளையின் விளிம்புக்குப் பெயின்ற், பெட்டிக்குள் மெழுகு. இதை விட்டால் ஐந்து வருடத்தில் உங்கள் துளையைச் சுற்றியே கறள் தொடங்கும்.

இறுக்கும்போது கார் நான்கு சில்லிலும் நிற்க வேண்டும். இரண்டு தூண் ஹொயிஸ்ற்றில் (காரைத் தூக்கும் இயந்திரம்) தொங்கும் பொடி தொய்ந்து நிற்கும். அந்த நிலையில் பிரேஸை இறுக்கினால் தொய்வையும் சேர்த்துப் பூட்டிவிடுவீர்கள். சில்லுகளைத் தாங்கித் தூக்கும் நான்கு தூண் ஹொயிஸ்ற் உள்ள கராஜுக்குப் போங்கள். புஷ் மாற்றினால் அதன் போல்ற்றுகளையும் இதே நிலையில்தான் இறுக்க வேண்டும். முடிந்ததும் அலைன்மென்ற், அதாவது சில்லுகளின் கோணத்தைச் சரிபார்ப்பது. அலைன்மென்றுக்கான நீள போல்ற்றுகள் புஷ்ஷின் உள்குழாயோடு கறளால் ஒட்டியிருக்கும், வெட்டித்தான் எடுக்க நேரிடும். அதற்கும் காசு ஒதுக்கி வையுங்கள். மாற்றியதை இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லவும் மறக்க வேண்டாம்.

கேள்வி: என்னுடையதும் மியாற்றாதான், 1996. டிக்கிக்குள் இரண்டு பின் ஷொக் முனைகளையும் இணைக்கும் பார் போடலாமா? (ஏஜாக்ஸ் வாசகர்)

பதில்: போட்டால் கெடுதல் இல்லை, உணர்வதும் கடினம். அந்த இரு முனைகளுக்கும் இடையில் பெற்றோல் தாங்கியை மூடும் தகரச் சுவர் ஏற்கெனவே நிற்கிறது. 1994க்குப் பிந்திய கார் என்பதால் சீற்றுக்குப் பின்னால் உள்ள பாரும் உங்களிடம் இருக்க வேண்டும். முந்தியவர் கழற்றி எறிந்திருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் காசை ரயருக்குப் போடுங்கள்.