மாத்திரையை அடிக்கடி விட்டுவிடுபவரை ஒழுங்காகச் சாப்பிட வைப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வீட்டுப் பெரியவருக்கு பி.பி., சுகர் இரண்டுக்கும் மாத்திரை. பாதி நாள் போடுவதில்லை. அலாரம் வைத்தாயிற்று, கிழமை வாரியாக அறை பிரித்த டப்பா வாங்கிக் கொடுத்தாயிற்று, திட்டியும் பார்த்தாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

வெறும் மறதி என்றால் அலாரத்திலேயே சரியாகியிருக்கும். நான் மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் கவுன்ட்டரில் வேலை பார்க்கிறவள். மறந்து விடுகிறவர்களுக்கு உதவுவது சுலபம். தெரிந்தே விடுகிறவர்களிடம்தான் பொறுமை வேண்டும், அவர்கள்தான் நிறையப் பேர் என்பது என் எண்ணம். உலக சுகாதார நிறுவனத்தின் 2003-ஆம் ஆண்டு அறிக்கையே, நாள்பட்ட நோய்க்கான சிகிச்சையைச் சொன்னபடி பின்பற்றுவது வளர்ந்த நாடுகளில்கூட சராசரியாக 50 சதவீதம்தான் என்றது. அதனால் உங்கள் வீட்டுப் பெரியவரைப் பிடிவாதக்காரர் என்று முடிவு கட்ட வேண்டாம்.

முதலில் கேட்கிற விதத்தை மாற்றுங்கள். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்றால் "ஆமா" என்றுதான் சொல்வார். இல்லை என்றால் அடுத்து என்ன விழும் என்று அவருக்குத் தெரியாதா? "இத்தனை மாத்திரை இருந்தா யாருக்கும் ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும். போன வாரம் எது விட்டுப்போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். கூடவே அட்டைகளையும் எடுத்துப் பாருங்கள். ஒரே நாளில் வாங்கிய அட்டைகளில் எது காலி, எது மீதி என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

ஒரு பெரியவர் கொண்டுவந்த பையில் மற்ற அட்டைகளெல்லாம் தீர்ந்திருந்தன. நீர் பிரிய வைக்கும் ஃபுரோசமைடு மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. மனைவி டோக்கன் வாங்க எழுந்து போனதும் குரலைத் தாழ்த்தி, "இதைப் போட்டுட்டு வெளிய கிளம்ப முடியலம்மா. வழியில அடக்கிட்டு எங்க போறது?" என்றார். மருத்துவரிடம் சொன்னோம். வெளியே போகிற நாட்களில் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, ஆனால் பொழுது சாய்வதற்கு முன்னால் போடும்படி நேரத்தை மாற்றிக் கொடுத்தார். ரொம்பத் தள்ளிப்போனால் ராத்திரித் தூக்கம் கெடும், அதனால்தான் அந்தக் கெடு. அடுத்த முறை அந்த அட்டையும் காலியாகத்தான் வந்தது.

இப்படி ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு காரணம் ஒளிந்திருக்கும். எனலாபிரில், ராமிபிரில் போன்ற பி.பி. மாத்திரைகள் சிலருக்கு ஓயாத வறட்டு இருமல் தரும். இன்னொரு பி.பி. மாத்திரையான அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். சுகருக்கான மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்கும். எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு: இருமல் தராத வேறு வகை மாத்திரை, அளவு குறைத்தல், மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின். நோயாளி வாய் திறந்தால்தானே மருத்துவர் மாற்றுவார்? ஆனால் தானாக நிறுத்துவது வேறு விஷயம். அட்டெனலால், மெட்டோபிரோலால், குளோனிடின் போன்ற பி.பி. மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தமோ நெஞ்சுவலியோ முன்பைவிட மோசமாகத் திரும்பலாம்.

அப்புறம், "நல்லாத்தானே இருக்கேன்" என்பவர்கள். பி.பி. ஏறினாலும் பெரும்பாலும் உடம்பில் ஒன்றும் தெரியாது. நாலு நாள் விட்டுப் பார்ப்பார், ஒன்றும் ஆகாது. தனக்கு அது தேவையில்லை என்று அவர் முடிவு செய்வதில் தர்க்கப்பிழை எதுவும் இல்லை! இவர்களிடம் பயமுறுத்திப் பேசுவதைவிட வீட்டில் ஒரு பி.பி. கருவி வைத்து, அளந்ததை அவர் கையாலேயே ஒரு நோட்டில் எழுத வைப்பது மேல். "மாத்திரையால கிட்னி போயிடும்" என்ற பயமும் இதே ரகம். கட்டுப்படாத சுகரும் பி.பி.யும்தான் கிட்னியைக் கெடுப்பதில் முன்னால் நிற்பவை. வேடிக்கை என்னவென்றால், இப்படிப் பயப்படுகிறவர்களே கிட்னிக்கு உண்மையிலேயே ஆகாத டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளைச் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடுவார்கள். பணம் ஒரு காரணமாக இருந்தால் அதைச் சொல்லவே கூச்சப்படுவார்கள். விலை குறைந்த ஜெனரிக் (பிராண்டுப் பெயர் இல்லாத அதே மருந்து) இருக்கிறதா என்று நீங்களாகவே கேட்டுவிடுங்கள்.

இதெல்லாம் தெளிவான பிறகு டப்பாவுக்கும் அலாரத்துக்கும் வாருங்கள். இரண்டு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரையாகவோ, நாளுக்கு ஒரு வேளையாகவோ சுருக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வேளை குறையக் குறைய விடுவதும் குறையும். மாத்திரையைப் பல் துலக்குவது போன்ற தினப்படி வேலையோடு சேர்த்துவிட்டால் தனியாக நினைவு வைக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் அதிலிருந்து 4 மணி நேரமாவது தள்ளி. சுகருக்கான கிளிமெபிரைடு சாப்பாட்டோடு, சாப்பிடாத வேளையில் போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் டாபிகாட்ரான் இரண்டும் டப்பாவுக்குள் போகக் கூடாது, வந்த பாட்டிலிலோ அட்டையிலோதான் இருக்க வேண்டும். மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறைதான். தினமும் போட்டு உயிரே போனவர்கள் உண்டு, அதனால் கிழமையை அட்டையின் மேலேயே பெரிதாக எழுதிவிடுங்கள்.

ஒரு வேளை விட்டுப்போனால், பெரும்பாலான மருந்துகளுக்கு நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டியதுதான். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

சாப்பாட்டில் பொடித்துக் கலந்து கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கும். அது போக, கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

இத்தனைக்குப் பிறகும் சில நாள் விடுகிறார் என்றால், அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பெரியவர் எல்லாம் சாப்பிட்டும் பி.பி. குறையவில்லை என்று மருத்துவர் நினைத்து அளவை ஏற்றிவிடுவார். பிறகு வேறு எதற்கோ மருத்துவமனையில் சேர்க்கும்போது நர்ஸ் அத்தனையையும் வேளை தவறாமல் கொடுப்பார், பி.பி. தடாலென்று இறங்கி ஆள் மயங்கி விழுவார். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது சீட்டோடு அந்த மீதி அட்டைகளையும் எடுத்துப் போய் மேஜையில் வைத்துவிடுங்கள்.