திரையில் தெரியும் கிராப்பி தூண்டிலைத் தொடாதது ஏன்?

கேள்வி: மின்னசோட்டாவில் வசிக்கிறேன். உறைந்த ஏரியில் துளை போட்டு கிராப்பி என்ற நன்னீர் மீனைப் பிடிக்கப் பழகுகிறேன். சோனார் (ஒலியலையால் மீனைக் காட்டும் கருவி) திரையில் மீன் தெரிகிறது. தூண்டிலைத் தொடுவதே இல்லை. என்ன தவறு?

பதில்: பெரும்பாலும் தூண்டில் மீனுக்குக் கீழே போய்விடுகிறது. குளிர்காலத்தில் கிராப்பி ஆழமான பள்ளங்களுக்கு மேல் நடுநீரில் கூட்டமாக நிற்கும். தலைக்கு மேலே தெரியும் இரையைத்தான் அது எழும்பி வந்து எடுக்கும். எனவே தூண்டிலை, திரையில் மீனைக் காட்டும் கோட்டுக்கு 1 முதல் 2 அடி மேலேயே நிறுத்துங்கள். மீன் எழும்பினால் நீங்களும் மெல்ல உயர்த்துங்கள். கீழே மட்டும் இறக்காதீர்கள்.

திரையில் தூண்டிலும் மீனும் ஒரே பட்டையாகத் தெரிந்தால் சோனாரின் கெயின் (உணர்திறன் அளவு) அதிகம். தூண்டில் மெல்லிய கோடாகும்வரை குறையுங்கள்.

3 அல்லது 4 மில்லிமீட்டர் டங்ஸ்டன் ஜிக் (எடைக் குண்டு சேர்ந்த தூண்டில் முள்), 2 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பு போதும். டங்ஸ்டன் ஈயத்தைவிட அடர்த்தியானது. சிறிதாக இருந்தாலும் சீக்கிரம் இறங்கும். நரம்பு முறுக்கேறினால் ஜிக் பம்பரமாகச் சுழலும், மீன் ஒதுங்கிவிடும். இதற்கு இன்லைன் ரீல் (நரம்பை முறுக்காமல் நேராகச் சுற்றும் உருளை) நல்ல தீர்வு. தூண்டில் கோலின் நுனியில், கடியைக் காட்டும் மெல்லிய ஸ்பிரிங் வையுங்கள். கிராப்பி கடித்தபடி மேலே வரும்போது, வளைந்திருந்த ஸ்பிரிங் நிமிரும். அதுதான் கடி! வெடுக்கென்று இழுக்காதீர்கள், வாய்ச்சவ்வு கிழிந்துவிடும்.

சுமார் 30 அடிக்குக் கீழிருந்து ஏற்றிய மீனுக்குக் காற்றுப்பை உப்பிவிடும். திரும்ப விட்டாலும் பிழைப்பது அரிது. தேவைக்கு மீன் கிடைத்ததும் அந்த ஆழத்தை விட்டு நகருங்கள்.

நடந்து போகத் தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலத் தடிமன் வேண்டும். வெண்ணிறப் பனிக்கட்டி என்றால் இரு மடங்கு.