இலங்கை அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது. என் மகன் அங்கே ஸ்கேன் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: குளத்துப்புழா பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை எனக்கு. என் பெற்றோர் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள். மகன் அணு மருத்துவத் தொழில்நுட்பம் படித்து, திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறான். இப்போது கொழும்பில் ஒரு மருத்துவமனை அவனைக் கூப்பிடுகிறது. "இலங்கை அணுவையே தடை செய்து கையெழுத்துப் போட்டுவிட்டது, இந்தியா போடவில்லை, போனால் பையன் மாட்டிக்கொள்வான்" என்கிறார் மைத்துனர். அனுப்பலாமா?

பதில்: தாராளமாக அனுப்பலாம். மைத்துனர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் குழப்பம்.

அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 2017 ஜூலையில் ஐ.நா.வில் 122 நாடுகளின் வாக்கோடு நிறைவேறி, 2021 ஜனவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இலங்கை 2023 செப்டம்பரில் அதில் சேர்ந்தது. இந்தியா அந்தப் பேச்சுவார்த்தைக்கே போகவில்லை.

ஒப்பந்தத்தின் முதல் பிரிவுதான் முக்கியம். உறுப்பு நாடு எதையெல்லாம் செய்யக்கூடாது என்று அது சொல்கிறது: தயாரிப்பது, சோதிப்பது, வைத்திருப்பது, கைமாற்றுவது, பயன்படுத்துவேன் என்று மிரட்டுவது, வேறொரு நாடு கொண்டுவந்து நிறுத்திவைக்கத் தன் மண்ணில் இடம் கொடுப்பது. எந்த வரியை எடுத்தாலும் பேச்சு அணு ஆயுதத்தைப் பற்றியும் அணு வெடிக் கருவியைப் பற்றியும்தான். அணுசக்தியை அமைதிப் பணிக்குப் பயன்படுத்தும் உரிமைக்கு எந்தக் குறையும் வராது என்று முகவுரையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

உங்கள் மகன் கையாளும் டெக்னீசியம்-99எம், ஸ்கேனுக்கு ஊசியில் போடும் கதிரியக்கப் பொருள், ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். எலும்பு ஸ்கேனுக்கு ஒரு நோயாளிக்குப் போடும் ஊசியில் இருப்பது ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்குகூட வராது. குண்டுக்கு வேண்டிய யுரேனியம், புளூட்டோனியம் கணக்கெல்லாம் கிலோவில். டெக்னீசியத்தை எவ்வளவு சேர்த்தாலும் குண்டு ஆகாது, அது பிளக்கிற சரக்கே இல்லை. மகரகம புற்றுநோய் மருத்துவமனையிலும் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் கதிரியக்க மருத்துவம் பல காலமாக நடக்கிறது.

ஒப்பந்தம் என்றதும் உங்கள் வீட்டில் பயம் வருவது இயல்புதான். 1964-இல் அந்த சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில் கொழும்பும் டெல்லியும் உட்கார்ந்து, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று மனிதர்களையே பங்கு போட்டன. அது ஆட்களை நகர்த்திய ஒப்பந்தம். இந்த அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் அரசுகளின் கையைக் கட்டுவது. தனி ஆளின் செயலைக் கட்டுப்படுத்துவது ஐந்தாம் பிரிவு: தன் மண்ணில் யாரும், வெளிநாட்டவர் உட்பட, குண்டு வேலைக்குத் துணைபோனால் அந்த நாடு தண்டனை உட்பட நடவடிக்கை எடுத்துத் தடுக்க வேண்டும். ஸ்கேன் அறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்தியர் என்பதற்காகச் சந்தேகப்படுவார்களா? அதற்கும் இடமில்லை. 2015 பிப்ரவரியில் இரு நாடுகளும் அணுசக்தியின் அமைதிப் பயன்பாட்டுக்குத் தனியே ஓர் உடன்பாடு செய்திருக்கின்றன. பயிற்சியும் கதிரியக்க ஐசோடோப்புப் பயன்பாடும் அதில் உண்டு.

அப்புறம், இலங்கை இந்த விஷயத்தில் திடீரென்று கிளம்பிய நாடு அல்ல. புதிய நாடுகளுக்குக் குண்டு பரவாமல் தடுக்கும் பழைய அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை 1979-லேயே ஏற்றது. 1995-இல் அதைக் காலவரையின்றி நீட்டித்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் இலங்கையின் ஜயந்த தனபால. அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தையும் 2023-இல் உறுதிசெய்தார்கள். குண்டே இல்லாத நாட்டுக்கு இதில் என்ன செலவு என்று சிலர் கேட்கிறார்கள். நாளைக்கு ஒரு வல்லரசு தன் குண்டை உன் துறைமுகத்தில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால், 'முடியாது' என்று சொல்லச் சட்டம் கையில் இருப்பது சின்ன நாட்டுக்குச் சின்ன லாபமல்ல என்பது என் எண்ணம்.

சரி, வேலைக்கு வருவோம். நீங்கள் கவலைப்பட வேண்டியது ஒப்பந்தத்தைப் பற்றியல்ல, அந்த மருத்துவமனையின் உரிமத்தைப் பற்றி. இலங்கையில் 2014-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டப்படி கதிரியக்கப் பொருள் வைத்திருக்க அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறைப் பேரவையின் உரிமம் வேண்டும். அது நடப்பில் இருக்கிறதா, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் யார், உடம்பு வாங்கும் கதிர்வீச்சைப் பதியும் டோஸ் பேட்ஜ் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அளக்கப்படும் என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் யோசியுங்கள்.

இங்கிருந்து கிளம்பும்முன் பழைய டி.எல்.டி. பேட்ஜ் (இங்கே அணியும் டோஸ் பேட்ஜ்) பதிவையும் மருத்துவமனையில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இந்திய விதிப்படி, இந்த வேலையில் உடம்பு வாங்கும் கதிர்வீச்சு ஐந்து ஆண்டுகளுக்கு 100 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு அளவின் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் போகக்கூடாது. நாடு மாறினாலும் உடம்பு வாங்கியது பூஜ்யத்திலிருந்து தொடங்காது. அங்கே அளப்பவர்கள் முந்தைய கணக்கையும் சேர்த்துப் பார்க்க அந்தத் தாள் வேண்டும்.