ஸ்ட்ரட்டைக் கழற்றலாம், ஸ்பிரிங்கைப் பிரிக்க வேண்டாம்

கேள்வி: காருக்குக் குட்டை ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் செட் வாங்கிவிட்டேன். "ஸ்பிரிங்கை அமுக்கும் கம்ப்ரசர் ஒன்று இருந்தால் வீட்டிலேயே மாட்டிவிடலாம், சக்கரக் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மென்ட்கூடத் தேவையில்லை" என்கிறார் விற்றவர். இறங்கலாமா?

பதில்: பாதி வேலைக்கு இறங்கலாம். முன்பக்க ஸ்ட்ரட்டை, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த பாகத்தை, முழுசாகக் கழற்றுவதும் திரும்ப மாட்டுவதும் நிதானமுள்ள யாருக்கும் வரும். வண்டி ஜாக்கியை மட்டும் நம்பி நிற்கக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். ஆனால் ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிப்பதை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துச் செய்யுங்கள்.

சக்கரம் தொங்கினாலும் ஸ்ட்ரட்டுக்குள் ஸ்பிரிங் அமுங்கியேதான் இருக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது உச்சியில் உள்ள ஒரே நட்டு. ஸ்பிரிங்கை அமுக்காமல் அந்த நட்டைக் கழற்றினால் மேல் மவுண்ட் முகத்துக்கு நேராகத் தெறிக்கும். இதில் உயிரே போயிருக்கிறது. விற்றவர் சொல்லும் கம்ப்ரசர் பெரும்பாலும் இரண்டு கொக்கித் தண்டுகள்தான். நேரெதிராக மாட்டி, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு கொக்கி சுருளில் வழுக்கினாலும் ஸ்பிரிங் வில்லாக வளைந்துகொள்ளும். அதற்குப் பிறகு உங்கள் கையில் ஒன்றுமில்லை.

அலைன்மென்ட் வேண்டாம் என்பது சுத்தப் பொய். வண்டி தாழ்ந்தால் கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) டோவும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும், டயரின் உள்விளிம்பு சீக்கிரமே தேய்ந்துவிடும். இப்படிப் பேசுகிறவர் கொடுத்த ஷாக்கையும் ஒருமுறை பாருங்கள். பழைய ஷாக்குக்குப் பெயிண்ட் அடித்துப் புதிது என்று தள்ளிவிடும் இடைத்தரகர்கள் நிறைய. ராடில் கீறல், சீலைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, துருவின் மேலேயே பூசிய பெயிண்ட், இதில் எது தெரிந்தாலும் திருப்பிக் கொடுங்கள். "பழைய ஸ்பிரிங்கையே ஒரு சுற்று அறுத்துத் தருகிறேன்" என்பவரிடம் பேச்சே வேண்டாம்.

எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று ஒரு தாள்கூட வைக்காமல் இந்தப் பெட்டிகளை விற்க எப்படித்தான் விடுகிறார்களோ! உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் அந்த அளவு இருக்கும். அதைப் பார்த்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பல கார்களில் பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அங்கே கம்ப்ரசர் பெரும்பாலும் தேவைப்படாது, வீட்டிலேயே முடிக்கலாம். ஆனால் அந்த அமைப்பில் ஆக்சில் கீழே விழாமல் தடுப்பதே ஷாக்தான். இரண்டு பக்க ஷாக்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் ஆக்சில் தொப்பென்று இறங்கும், பிரேக் ஹோஸ் இழுபட்டு அறுந்துபோகலாம். அதனால் முதலில் ஆக்சிலுக்கு அடியில் ஒரு ஜாக்கி கொடுங்கள். பிறகு ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஹோஸைப் பார்த்துக்கொண்டே மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்துவிடும். புது ஸ்பிரிங்கின் முனை அதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். பின்பக்கம் இப்படி வந்துவிட்டதே என்று முன்பக்க ஸ்ட்ரட்டையும் பிரித்துப் பார்க்காதீர்கள்.

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால், சக்கரம் தொங்கும்போது கையால் முடிந்த அளவுக்கு மட்டும் இறுக்கி வையுங்கள். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கம். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே ஓடிச் சீக்கிரம் கிழியும். அலைன்மென்ட் பார்க்க வண்டியை விடுவது அதற்கும் பிறகு.