ஃபிலிம் கேமராவில் எடுத்தால் உதடசைவும் ஒலியும் ஏன் விலகுகின்றன?

கிளாப் அடித்த இடத்தில் சரியாகப் பொருந்தும் வசனம், ஒரு நிமிடம் போனதும் பிசகுகிறது என்கிறீர்கள். மோட்டாரைத்தான் சந்தேகிக்க வேண்டும். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டியது 23.9 ஓடினால், நிமிடத்துக்கு 6 ஃபிரேம் குறையும். கால் விநாடி! வாய் மூடிய பிறகும் பேச்சு கேட்கும்.

பேட்டரி இறங்கினாலே சாதா மோட்டார் தளர்ந்துவிடும். கிரிஸ்டல் சிங்க் மோட்டாரில், குவார்ட்ஸ் படிகத்தின் சீரான துடிப்போடு சுழற்சியை ஒப்பிட்டு மின்சுற்று தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்கும். ஒலியைத் தனியாகப் பதியும் ரெக்கார்டரும் அதேபோல் துல்லியமாக ஓடினால் இரண்டுக்கும் நடுவே ஒயரே வேண்டாம்.

வீடியோவுக்கு மாற்றும்போது இன்னொரு வில்லங்கம். என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறையில் 24 ஃபிரேம் 23.976 ஆகிவிடும், ஒலியையும் 0.1 சதவீதம் மெதுவாக்காவிட்டால் 10 நிமிடத்தில் 0.6 விநாடி விலகும். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் பிஏஎல் டிவி முறை என்றால் பேசாமல் 25-இலேயே எடுத்துவிடுங்கள்.