மாதவிடாய் நின்ற பிறகு எரிச்சலும் வறட்சியும்: வாசகியர் கேள்விகள், மகளிர் மருத்துவப் பதில்கள்

பெயரைப் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

வயது 52. மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆகிறது. ஒரு வருடமாகப் பிறப்புறுப்பில் எரிச்சல். பஸ்ஸில் உட்கார்ந்து வந்தாலே உரசுகிற மாதிரி வலி. தாம்பத்திய உறவு என்றாலே பயமாக இருக்கிறது. ‘உடம்புச் சூடு, இளநீர் குடி’ என்கிறார்கள். தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். திடீர் வியர்வையெல்லாம் குறைந்துவிட்டது. இதுவும் அப்படியே போய்விடுமா? – மதுரை வாசகி

போகாது. இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். திடீர் சூடும் வியர்வையும் பலருக்குச் சில வருடங்களில் அடங்கிவிடும். வறட்சி அப்படியில்லை, கவனிக்காமல் விட்டால் வருடம் போகப் போகக் கூடும். மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வருகிறது. அதில் பெரும்பாலோர் வாய் திறந்து சொல்வதே இல்லை.

சினைப்பை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரப்பதை நிறுத்தியதும் யோனியின் உள்தோல் மெலிந்துவிடும். அதிலிருந்த மடிப்புகள் தட்டையாகும், ரத்த ஓட்டம் குறையும். அந்தத் தோலில் உள்ள கிளைகோஜன்தான் லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியாவுக்கு உணவு. உணவு குறைந்தால் அவையும் குறையும், அவை உண்டாக்கும் அமிலமும் குறையும். 3.5 முதல் 4.5 வரை இருந்த பி.ஹெச். அளவு (அமிலம் குறையக் குறைய இந்த எண் கூடும்) 5-ஐத் தாண்டிவிடும். சிறுநீர்த் துவாரமும் சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியும் இதே ஹார்மோனை நம்பியிருப்பவை. அதனால்தான் எரிச்சலோடு அடிக்கடி சிறுநீர் முட்டுவதும் சேர்ந்து வருகிறது. இளநீர் உடம்புக்கு நல்லது, குடியுங்கள். ஆனால் இந்தத் தோலை அது தடிப்பாக்காது.

இப்போதே வீட்டில் செய்ய வேண்டியது, சோப்பை நிறுத்துவது. சாதாரண சோப்பின் பி.ஹெச். 9, 10 வரை போகும். மெலிந்த தோலுக்கு அது பெரிய உபத்திரவம். டெட்டால், மஞ்சள் தண்ணீர், வேப்பிலைத் தண்ணீர், விளம்பரத்தில் வரும் ‘இன்டிமேட் வாஷ்’ எதுவும் வேண்டாம். வெளிப்பகுதியை வெதுவெதுப்பான வெறும் தண்ணீரால் கழுவி, துணியால் ஒற்றியெடுங்கள். உள்ளே பீய்ச்சிக் கழுவவே கூடாது. தினமும் பேன்டி லைனர் வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

கடையில் கிடைப்பவை இரண்டு வகை. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்குவதால்தான் பலருக்குப் பலன் தெரிவதில்லை. மாய்ஸ்சரைசர் என்பது உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் இரண்டு மூன்று இரவு உள்ளே வைத்துக்கொள்வது. ஹயலூரானிக் ஆசிட் அல்லது பாலிகார்போஃபில் சேர்ந்த ஜெல்லாகப் பாருங்கள். ஒரு நாள் வைத்துவிட்டு முடிவு சொல்ல முடியாது, தொடர்ந்து சில வாரங்கள் வைக்க வேண்டும். லூப்ரிகன்ட் என்பது உறவின்போது மட்டும், உராய்வைக் குறைக்க. அரை முதல் ஒரு டீஸ்பூன் வரை தாராளமாக எடுத்து இருவருமே தடவிக்கொள்ள வேண்டும். ஒரு சொட்டு போதாது.

தண்ணீர் சார்ந்த லூப்ரிகன்ட்டில் ஒரு சிக்கல் உண்டு. கிளிசரினோ புரொப்பிலீன் கிளைக்காலோ அதிகம் இருந்தால் அது தோலிலிருந்து நீரை உறிஞ்சி எரிச்சலைக் கூட்டும். ஆஸ்மொலாலிட்டி, அதாவது அதில் கரைந்திருக்கும் பொருள்களின் செறிவு, 1200-க்கு மேல் போகக் கூடாது, 380-க்குக் கீழ் இருந்தால் மிக நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பெட்டியில் இந்த எண் பெரும்பாலும் இருக்காது. அதனால் சேர்மானப் பட்டியலில் கிளிசரின் முதல் இரண்டு இடத்துக்குள் இருந்தால் வேறொன்றைப் பாருங்கள். வாசனை, சுவை, ‘சூடேற்றும்’ வகைகளும் வேண்டாம். சிலிகான் வகை சீக்கிரம் காயாது, எரிச்சலும் குறைவு. நீங்கள் தடவும் தேங்காய் எண்ணெய் ஒத்துக்கொண்டால் தடவலாம். ஆனால் அது லேட்டக்ஸ் ஆணுறையைக் கிழித்துவிடும். 50 வயதுக்கு மேல் மாதவிடாய் நின்றால் ஒரு வருடம் வரையும், அதற்கு முன்பே நின்றால் இரண்டு வருடம் வரையும் கருத்தடை தேவை என்பதால் உங்களைவிட இளையவர்களுக்கு இது முக்கியம். வாசலின் (பெட்ரோலியம் ஜெல்லி) களிம்பை உள்ளே வைக்காதீர்கள்.

இதெல்லாம் செய்தும் ஆறு, எட்டு வாரத்தில் நிம்மதி இல்லையென்றால் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் தேவை. அதைப் பற்றித்தான் அடுத்த கேள்வி.

டாக்டர் ஈஸ்ட்ரியால் க்ரீம் எழுதிக் கொடுத்தார். உள்ளே இருந்த தாளில் கர்ப்பப்பைப் புற்று, மார்பகப் புற்று, பக்கவாதம் என்று போட்டிருக்கிறது. பயந்துகொண்டே பத்து நாள் போட்டேன். பலன் தெரியவில்லை, லேசாக எரிந்தது, நிறுத்திவிட்டேன். – சேலம் வாசகி, வயது 56

பத்து நாளில் நிறுத்தியதுதான் காரணம். முதல் மாற்றம் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய 12 வாரம் வரை ஆகலாம். முதல் வாரத்தில் எரிந்ததும் எதிர்பார்க்கக்கூடியதே. வெடித்த தோலில் எந்த க்ரீம் பட்டாலும் கொஞ்சம் எரியும், தோல் தேறத் தேற அடங்கும். எரிச்சல் கூடிக்கொண்டே போனாலோ வீங்கினாலோ க்ரீமின் சேர்மானம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். டாக்டரிடம் சொன்னால் வேறு வகை மாற்றிக் கொடுப்பார்.

அந்தத் தாளைப் படித்துப் பயப்படாதவர் இல்லை. அந்த எச்சரிக்கைகளுக்கு முக்கியக் காரணம், 2002-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு. அதில் பெண்கள் தினமும் ஹார்மோன் மாத்திரையை வாய்வழியே விழுங்கினார்கள். அதன் முடிவுகளை ஈஸ்ட்ரோஜன் கலந்த எல்லா மருந்தின் தாளிலும் அப்படியே அச்சிட்டுவிட்டார்கள். அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். 10 மைக்ரோகிராம் எஸ்ட்ரடையால் (இதுவும் ஒரு வகை ஈஸ்ட்ரோஜன்) யோனி மாத்திரையை இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு முறை என்று வைத்தால் ஒரு வருடத்துக்கு மொத்தம் 1.14 மில்லிகிராம். வாய்வழி மாத்திரையில் வழக்கமான ஒரு நாள் அளவே 1 மில்லிகிராம். சரியான அளவில் யோனியில் வைக்கும் மருந்து ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கும். கர்ப்பப்பை இருந்தாலும் அதன் பாதுகாப்புக்காகக் கூடவே புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் தேவைப்படுவதில்லை.

ஈஸ்ட்ரியால் க்ரீம் 1 கிராமில் 1 மில்லிகிராம் மருந்து இருக்கும். ஒரு வேளைக்கு அரை கிராம் க்ரீம் போதும். முதல் இரண்டு மூன்று வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இரண்டு இரவு. திங்கள், வியாழன் என்று காலண்டரில் குறித்துக்கொண்டால் மறக்காது. சாதாரண ட்யூபிலிருந்து ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை நீளமாகப் பிதுக்கினால் அது ஏறக்குறைய அரை கிராம்.

படுக்கப் போகும்போது, சிறுநீர் கழித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு போடுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டால் எளிது. அப்ளிகேட்டர் என்றால் டாக்டர் சொன்ன கோடு வரை மட்டும் நிரப்பி, நோகாத அளவுக்கு உள்ளே நுழைத்து மெல்ல அழுத்துங்கள். முழுவதும் நிரப்புவதும் ஆழத்தில் கொண்டுபோய் வைப்பதும் அதிகம் நடக்கும் தவறுகள். எரிவது யோனியின் வாசலிலும் சிறுநீர்த் துவாரத்தை ஒட்டியும்தான். அங்கே மருந்து படவே இல்லையென்றால் எப்படிச் சரியாகும்? அதனால் கொஞ்சத்தை விரலில் எடுத்து வாசலைச் சுற்றியும், உள்ளே ஒரு விரல்கணு ஆழம் வரையும் தடவுங்கள். அப்ளிகேட்டரை மிதமான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும், கொதிக்க வைத்தால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். உறவுக்கு முன்னால் இதை லூப்ரிகன்ட் மாதிரி போடக் கூடாது, மருந்து கணவர் உடம்பிலும் ஏறும்.

சரியானதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ பழையபடி ஆகிவிடும். வாரம் இரண்டு முறை என்பதை வருடக்கணக்கில் தொடரலாம்.

மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், க்ரீம் போட்டாலும் போடாவிட்டாலும், பரிசோதனை செய்தே ஆக வேண்டும். ‘வறட்சியால்தான் இருக்கும்’ என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

அம்மாவுக்கு 70 வயது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீர்க்கடுப்பு. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக். இதற்கு முடிவே இல்லையா? – தஞ்சாவூர் வாசகி

உண்டு. இந்த வயதில் திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றுக்கு முக்கியக் காரணம் இதே ஹார்மோன் குறைவுதான். நல்ல பாக்டீரியா விட்டுப்போன இடத்தில் குடலிலிருந்து வரும் ஈ.கோலை என்ற கிருமி குடியேறிவிடுகிறது. 1993-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஈஸ்ட்ரியால் க்ரீம் போட்டவர்களுக்கு வருடத்துக்குச் சராசரியாக 0.5 தடவையும், மருந்தில்லாத க்ரீம் போட்டவர்களுக்கு 5.9 தடவையும் தொற்று வந்தது. அம்மாவின் டாக்டரிடம் இதைக் கேளுங்கள். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) எடுக்கச் சொல்லுங்கள். பல வயதான பெண்களுக்குக் கிருமியே இல்லாமல் வறட்சியால் மட்டும் எரியும், அதற்கு ஆன்டிபயாட்டிக் வீண். எந்தத் தொந்தரவும் இல்லாதபோது சும்மா எடுத்த டெஸ்ட்டில் கிருமி இருந்தால் அதற்கும் பொதுவாக மருந்து வேண்டியதில்லை. கைமூட்டு வலியால் அம்மாவுக்கு அப்ளிகேட்டர் பிடிக்க முடியாவிட்டால் விரலில் தடவினாலே போதும்.

மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை முடிந்து லெட்ரோசோல் சாப்பிடுகிறேன். வயது 49. வறட்சி தாங்க முடியவில்லை. எனக்கு எதுவுமே போடக் கூடாதா? – கோவை வாசகி

லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் போன்றவை உடம்பில் மிச்சம் இருக்கும் ஈஸ்ட்ரோஜனையும் துடைத்துவிடுவதால் உங்கள் வறட்சி மற்றவர்களைவிடக் கடுமையாகவே இருக்கும். இதைப் பொறுத்துக்கொள்ள முடியாமல் புற்று மாத்திரையையே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஹார்மோன் இல்லாத வழிகளில்தான் தொடங்க வேண்டும். மாய்ஸ்சரைசரை வாரம் மூன்று முதல் ஐந்து இரவு வரை, உள்ளே மட்டுமல்லாமல் வாசலிலும் தடவுங்கள். உறவின்போது சிலிகான் லூப்ரிகன்ட். வாசலைத் தொட்டாலே சுரீர் என்று வலித்தால் மரத்துப்போகச் செய்யும் 4 சதவீத லிடோகெய்ன் திரவம் உதவும். அதைப் பஞ்சில் நனைத்து, உறவுக்கு முன் வாசலில் மூன்று நிமிடம் வைத்து எடுக்க வேண்டும். டாக்டர் சீட்டோடு, அவர் காட்டிக் கொடுத்தபடி மட்டும். வலியை எதிர்பார்த்து எதிர்பார்த்து இடுப்புத்தளத் தசைகள் இறுகிப்போயிருக்கும், அதற்கு பிசியோதெரபி உண்டு.

இவை போதவில்லையென்றால் குறைந்த அளவு யோனி ஈஸ்ட்ரோஜன் பற்றிப் புற்றுநோய் மருத்துவரிடம் பேசலாம். டமாக்சிஃபென் என்ற இன்னொரு மார்பகப் புற்று மாத்திரை எடுப்பவர்களுக்கு இதில் தயக்கம் குறைவு. லெட்ரோசோல் எடுப்பவர்களுக்கு எச்சரிக்கை அதிகம், சிலருக்கு மாத்திரையையே மாற்றிப் பார்ப்பார்கள். அவருக்குத் தெரியாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடாதீர்கள்.

சர்க்கரை மாத்திரை மாற்றியதிலிருந்து அரிப்பு தாங்கவில்லை. இதுவும் வறட்சியா? வயது 54. – திருநெல்வேலி வாசகி

மாத்திரை அட்டையில் டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் என்று ‘ஃப்ளோசின்’ முடிவு இருக்கிறதா பாருங்கள். இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. அதில் பூஞ்சை வளரும். தயிர் திரிந்த மாதிரி வெள்ளைப்படுதலும் சிவந்த தோலும் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அதற்கு மருந்து வேறு. நீங்களாக நிறுத்தாமல் சர்க்கரை டாக்டரிடம் சொல்லுங்கள். இரவில் அரிப்பு கூடி, வெளித்தோல் வெள்ளையாகச் சுருங்கியிருந்தால் அது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல்நோயாக இருக்கலாம். அதற்கு வீரியமான ஸ்டீராய்டு களிம்பும் தொடர் கண்காணிப்பும் வேண்டும். ஈஸ்ட்ரோஜன் க்ரீமுக்கு அது அடங்காது.

லேசர் செய்தால் நிரந்தரமாகச் சரியாகும் என்கிறார்களே? – சென்னை வாசகி

பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். 2018-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரித்தது. 2021-ல் வெளிவந்த ஆய்வில், லேசர் செய்தவர்களுக்கும் லேசர் செய்வதுபோலப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் ஒரு வருடம் கழித்து வித்தியாசமே இல்லை. க்ரீமையே ஒழுங்காகப் போடாமல் லேசருக்குப் போக வேண்டாம்.

எனக்குத் திருமணம் ஆகவில்லை. வயது 55. நடந்தாலே எரிகிறது. டாக்டரிடம் போனால் என்ன நினைப்பாரோ, உள்ளே கருவி வைத்துப் பார்ப்பாரோ என்று பயம். – நாகர்கோவில் வாசகி

வறட்சிக்கும் திருமணத்துக்கும் சம்பந்தமில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்த எந்தப் பெண்ணுக்கும் வரும். பெரும்பாலும் வெளிப்பகுதியைப் பார்த்தாலே டாக்டருக்குத் தெரிந்துவிடும், தோல் வெளிறி மெலிந்திருக்கும். கருவி தேவைப்பட்டால் மிகச் சிறிய அளவில் உண்டு. வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. பரிசோதனைக்கு முன்பே ‘எனக்குத் திருமணம் ஆகவில்லை, உள் பரிசோதனை செய்ததில்லை’ என்று சொல்லிவிடுங்கள். ‘பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல், இத்தனை மாதமாக’ என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால்கூடப் போதும். அதே சீட்டில் கடைசியாக மாதவிடாய் வந்த வருடம், சாப்பிடும் எல்லா மாத்திரைகள், சளிக்கும் அலர்ஜிக்கும் எடுப்பது உட்பட, ரத்தம் பட்டதா இல்லையா என்பதையும் எழுதுங்கள். க்ரீம் கொடுத்தால் உங்களுக்கு அப்ளிகேட்டர் வேண்டியதில்லை. பட்டாணி அளவு விரலில் எடுத்து வாசலைச் சுற்றித் தடவுங்கள்.