கொட்டும் சொறி கூடினால் கோப்பெபாட் ஏன் பெருகுகிறது? செசபீக் விரிகுடா பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: இழுதுமீன் பெருகினால் விலங்கு மிதவைகள் (நீரோடு மிதக்கும் பொடி விலங்குகள்) அழியும் என்றுதான் படித்திருக்கிறோம். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் மட்டும் தலைகீழாக நடப்பது எப்படி?

அங்கே இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள், அதனால்தான். ஒன்று க்ரைசாயோரா, நம் கடற்கரையில் சொறி என்று சொல்கிறோமே, அந்த வகைக் கொட்டும் இழுதுமீன். மற்றது நெமியாப்சிஸ் என்னும் சீப்பு ஜெல்லி. பார்க்க ஜெல்லிதான், ஆனால் இழுதுமீன் தொகுதியே அல்ல, கொட்டவும் கொட்டாது. கோப்பெபாட் என்பது இறாலின் உறவான பொடி விலங்கு மிதவை. விரிகுடாவின் முக்கியக் கோப்பெபாடான அகார்சியா டோன்சாவை வழித்துத் தின்பது இந்தச் சீப்பு ஜெல்லி. க்ரைசாயோராவும் கோப்பெபாட் தின்னும், ஆனால் சீப்பு ஜெல்லியை அதைவிட வேகமாகக் காலி செய்யும். கோடையில் சொறி நிறைந்த கிளையாறுகளில் சீப்பு ஜெல்லி அடங்கி, கோப்பெபாட் தலைதூக்குகிறது. சொறி வராத ஆண்டில் நிலைமை மாறிவிடும்.

பழைய கட்டுரைகளில் இந்தச் சொறியைக் க்ரைசாயோரா குயின்குசிர்ரா என்று எழுதியிருப்பார்கள். 2017இல்தான் விரிகுடா இனத்தைக் ‘க்ரைசாயோரா செசபீக்கை’ என்று தனியாகப் பிரித்தார்கள். தேடும்போது இரண்டு பெயரையும் போடுங்கள்.

கேள்வி: ஒரு சொறி நாளைக்கு எவ்வளவு தின்கிறது என்று களத்தில் கணக்கிட என்ன வழி?

இரைப்பையில் இருக்கும் இரையை எண்ணி, செரிக்கும் நேரத்தால் வகுக்க வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு: இரைப்பையில் 120 கோப்பெபாட், செரிக்க 4 மணி நேரம். மணிக்கு 30, நாளைக்கு 720. கனமீட்டருக்குப் பாதி சொறி, அதாவது இரண்டு கனமீட்டருக்கு ஒன்று இருந்தால் இழப்பு 360. அதே கனமீட்டரில் 20,000 கோப்பெபாட் இருந்தால் நாளைக்கு 1.8 சதவீதம்தான் போகிறது. பெண் கோப்பெபாட் முட்டையிடும் வேகத்துக்கு இது ஒன்றுமே இல்லை.

இப்போது சீப்பு ஜெல்லியை எடுங்கள். கனமீட்டருக்கு 10, ஒவ்வொன்றும் நாளைக்கு 20 லிட்டர் நீரை வடிக்கிறது என்று வைத்தால் 200 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு நீர் ஒரே நாளில் சலிக்கப்பட்டுவிடுகிறது. இரை மலிந்தாலும் அது லேசில் நிறுத்தாது.

பெரும்பாலோர் தவறுவது செரிமான நேரத்தில். வெப்பம் ஏற ஏற அது குறையும். 20 டிகிரியில் எடுத்த நேரத்தை 28 டிகிரி நீருக்குப் போட்டால் விடை குறைவாக வரும். இன்னொன்று, வலையில் பிடித்த சொறியின் வயிற்றை எண்ணாதீர்கள். வலையின் அடிக்குடுவைக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும் மிதவைகளை அது அங்கேயே தின்றுகொண்டிருக்கும். படகிலிருந்து குவளையால் ஒவ்வொன்றாக மொண்டு, அந்த நொடியே ஃபார்மலினில் (உடல் கெடாமல் காக்கும் திரவம்) போடுங்கள்.

கேள்வி: சீப்பு ஜெல்லியை ஃபார்மலினில் போட்டால் கூழாகிவிடுகிறதே?

ஆகும். நெமியாப்சிஸை உயிரோடு, படகிலேயே எண்ணி, நீளம் அளந்துவிட வேண்டும். கோப்பெபாடுக்கு 200 மைக்ரான் வலை போதும். 50 செ.மீ. வளையத்தை 50 மீட்டர் இழுத்தால் கணக்குப்படி 9.8 கனமீட்டர். ஆனால் ஜெல்லி அப்பி வலைக்கண் அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே போகாமல் ஓரமாக வழிந்துவிடும். வலை வாயில் ஓட்டமானி (உள்ளே போகும் நீரை அளக்கும் கருவி) இல்லாமல் இழுத்த மாதிரியை நம்ப வேண்டாம்.

கேள்வி: சொறி தின்னும் அளவை ஆய்வகத் தொட்டியில் அளக்கலாமா?

20 லிட்டர் வாளியில் வேண்டாம். சொறியின் உணர்விழை சுவரில் முட்டிச் சுருண்டுவிடும், தின்பது குறையும். குறைந்தது ஒரு கனமீட்டர் வேண்டும்.

கேள்வி: கோப்பெபாட் குறைந்தால் தாவர மிதவை (நீரில் மிதக்கும் நுண்பாசி) பெருகி நீர் பச்சையாகுமா?

அவ்வளவு நேர்க்கோடாக நடப்பதில்லை. கோப்பெபாட் சிலியேட்டுகள் என்னும் ஒற்றைச் செல் நுண்ணுயிர்களையும் தின்கிறது. கோப்பெபாட் போனால் சிலியேட் பெருகி, நுண்ணிய பாசிகளை மேய்ந்துவிடும். பச்சை நிறம் மாறாமலேயே பாசியின் அளவுக் கலவை மாறலாம், ஆகவே பாசியின் பச்சை நிறமியான குளோரோஃபில் மட்டும் அளந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும். இதற்கிடையே ஜெல்லி விடும் சளியையும் கரைந்த கரிமத்தையும் பாக்டீரியா எடுத்து, பெரும்பகுதியைச் சுவாசித்தே தீர்த்துவிடுகிறது. அந்தக் கரிமம் மீனுக்குப் போய்ச் சேராது.

கேள்வி: சிப்பி வளர்ப்புக்குச் சொறி எதிரிதானே? வலை போட்டு அள்ளிவிடலாமா?

அள்ளினால் நஷ்டம் சிப்பிக்குத்தான். சிப்பியின் மிதக்கும் குஞ்சைச் சொறி விழுங்கினாலும் பெரும்பாலும் உயிரோடு துப்பிவிடும். சீப்பு ஜெல்லி செரித்துவிடும். அள்ளுவதாலும் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் அடியில் பாலிப் (சொறியின் ஒட்டி வாழும் இளம் பருவம்) உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பிடித்த இருக்கையே சிப்பி ஓடுதான். விரிகுடாவில் சிப்பிப் பாறைகள் அழிந்ததும் சொறி குறைந்ததற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

எந்த ஆண்டு சொறி வரும் என்று தெரிய உப்பைப் பாருங்கள். ஆயிரத்துக்கு 10 முதல் 16 வரை உப்பும், 26 முதல் 30 டிகிரி வெப்பமும் அதற்கு வாகானவை. 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் மழை விரிகுடாவில் நன்னீரைக் கொட்டியது, அந்தக் கோடையில் சொறி அரிதாகிவிட்டது. வசந்தத்தில் ஆற்று வெள்ளம் பலமாக வந்தால், ஜூலையில் சீப்பு ஜெல்லியை எண்ணத் தயாராக இருங்கள்.